பின்சுவரில் இரண்டு ஸ்பீக்கர்

கூபர் பீடி
9 மே 2011

நெரிடா,

நீ என்னோடு தொலைபேசியில் பேசமாட்டாயாம், வேண்டுமானால் எழுதச் சொல் என்றாயாம். டானிக்கா சொன்னாள். பாறையைக் குடைந்த ஒரே வீட்டுக்குள் இருபத்தெட்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்குக் கடிதம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுத்தும் எனக்கு வராது. மூன்று நாளாக இந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்வதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன்.

பேத்தி எப்படி இருக்கிறாள்? மூக்கு யாருடையது? என்னுடையதாக இருந்தால் பாவம்.

பிள்ளை பிறந்ததும் ஆறு வாரம் மகளோடு இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் அடிலெய்டுக்குப் போனாய். நாளையோடு ஆறு வாரம். வருகிற தேதி கேட்டால் டானிக்கா பேச்சை மாற்றுகிறாள். காரணம் எனக்குத் தெரியும். துணி அலமாரி. நீ கடைக்குப் போயிருந்த நேரத்தில் அதை நகர்த்திவிட்டுப் பின்னால் இருந்த பாறையில் ஓர் அறை தோண்ட ஆரம்பித்தேன். நீ திரும்பி வந்தபோது உன் அம்மா தைத்த தலையணை உறை எல்லாம் செம்மண். அது அம்மா தைத்தது என்று தெரியாது என்றேனே, பொய். தெரியும். கை பரபரத்தது, பார்க்காமல் ஆரம்பித்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டிலுக்கு அடியில் இருந்த இரண்டு பெட்டிகளைப் பிரித்துவிட்டேன். கோபப்படாதே. டிரைவ்-இன் திரையரங்கில் படம் ஓட்டுகிற வேலையிலிருந்து நீ ஓய்வு பெற்றபோது ஊர்க்காரர்கள் வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கர்கள். நீயே கேட்டு வாங்கியவை, பின்பக்கத்துக்கு. நம் பட அறையில் முன்னால் மூன்று, பக்கத்துக்கு ஒன்று, ஆக ஐந்து இருக்கின்றன. இவை இரண்டும் சேர்ந்தால் ஏழு. ஒன்றரை வருஷமாகப் பெட்டிக்குள் தூங்குகின்றன. நீ வருவதற்குள் மாட்டிவிடலாம் என்று பார்க்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல். சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அதற்குப் பின்னால் மாட்ட இடமே இல்லை. அதனால் பின்சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டியிருக்கும். கொஞ்சம்தான்.

ஸ்லாவ்கோ


அடிலெய்ட்
16 மே 2011

ஸ்லாவ்கோ,

உன் ‘கொஞ்சம்’ எனக்குத் தெரியாதா?

ஊறுகாய் ஜாடி வைக்கக் கொஞ்சம் இடம் வேண்டும் என்று ஆரம்பித்தாய், அது இப்போது லாரி நிறுத்தும் அளவுக்கு இருக்கிறது. என் தையல் மிஷினுக்கு என்று ஓர் அறை. நான் வருஷத்தில் இரண்டு பாவாடை தைப்பேன். ஒயின் வைக்க ஓர் அறை, அதில் இன்றைக்கும் நான்கு பாட்டில்தான். பில்லியர்ட்ஸ் ஆட ஓர் அறை, மேசை இன்னும் வரவில்லை. இரண்டே இரண்டு பேருக்குப் பத்தொன்பது அறை, ஸ்லாவ்கோ. ஊருக்குள் ஓபல் கல்லுக்காகத் தோண்டக் கூடாது, ஆனால் வீட்டைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அதனால்தானே நம் ஊர் ஆண்களுக்கு மட்டும் எத்தனை அறை இருந்தாலும் வீடு பற்றுவதில்லை! இத்தனை தோண்டியும் நமக்குக் கிடைத்தது தையல் அறையில் ஒரு தடவை, ஒரு கைப்பிடி. அதில் ஒரு வாஷிங் மிஷின் வந்தது. அதன் மேலும் நீ தோண்டிய புழுதிதான் படிந்திருக்கிறது.

தலையணை உறைக்காக நான் கிளம்பி வந்தேன் என்று நினைக்கிறாயா? நான் முதுகைத் திருப்பினால் என் வீடு இடம் மாறிவிடுகிறது. இருட்டில் கை வைத்தால் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இருப்பதில்லை. எனக்கு ஐம்பத்தேழு வயசு. இங்கேதான் முடிகிறது என்று சொல்கிற மாதிரி நான்கு சுவருள்ள ஒரு வீடு எனக்கு வேண்டும்.

ஸ்பீக்கரைப் பற்றி நீ கேட்டதற்கு நேர்மையாகவே பதில் சொல்கிறேன், படம் ஓட்டியவள் என்பதால். சோபா சுவரை ஒட்டி இருக்கும்வரை அவற்றை மாட்டிப் பிரயோசனம் இல்லை. தலைக்கு மேல் உட்கார்ந்துகொண்டு காதில் கத்தும். சோபாவை முன்னால் இழுத்தால் திரை மூக்கில் இடிக்கும். அதனால்தான் ஒன்றரை வருஷம் பெட்டியைத் தொடாமல் வைத்திருந்தேன். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் உனக்கே தெரியும். சொன்னால் நீ பிக்காசைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாய்.

பெட்டியை மூடி வை.

இங்கே மழை. டானிக்கா வீட்டு நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு முதுகுக்குப் பின்னால் மழை பெய்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டில் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் கிடையாது, வெறும் பாறை. அது எனக்கு இத்தனை வருஷம் தோன்றவே இல்லை. இப்போது தோன்றிவிட்டது, போகமாட்டேன் என்கிறது.

மூக்கு உன்னுடையதுதான்.

நெரிடா


கூபர் பீடி
21 மே 2011

நெரிடா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் இடத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தேன். சோபாவின் இடது ஓரம், நீ உட்கார்கிற குழியிலேயே. புயல் அடிக்கிறது, கப்பல் ஆடுகிறது, முன்னால் சத்தம், பக்கத்தில் சத்தம், பின்னால் ஒன்றுமில்லை. நீ சொன்னது சரி. எனக்குப் பாறை என்றால் இன்னும் தோண்டாத இடம். அதைத் தவிர வேறு விதமாக அதை நான் பார்த்ததே இல்லை.

பக்கத்து வீட்டு ஸ்பிரோ சனிக்கிழமைப் படத்துக்கு வந்தான். விஷயத்தைச் சொன்னேன். பூசணி விதையைக் கடித்துக்கொண்டே சிரிக்கிறான்.

“டேய் ஸ்லாவ்கோ, ஊறுகாய்க்குத் தோண்டினவன பாத்திருக்கேன், நாய்க்கு வீடுன்னு தோண்டினவன பாத்திருக்கேன். ஸ்பீக்கருக்குத் தோண்டறேன்னு சொல்ற மொத ஆளு நீதான்டா. நல்ல சாக்கு. நான் ஏன் யோசிக்காம போனேன்?”

“சாக்கு இல்லடா. நெசமாவே ஸ்பீக்கருக்குத்தான்.”

“ஆமா ஆமா. என் பொண்டாட்டிகிட்ட நான் சொல்றதும் இதே மூஞ்சியோடதான்.”

அவனே நம்பவில்லை, நீ எப்படி நம்புவாய்! ஆனாலும் எழுதுகிறேன். ஓபலுக்காக இல்லை. நீ அளவு சொல், அந்த அளவோடு நிறுத்துகிறேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது எங்கே நிறுத்த வேண்டும் என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

நீ இல்லாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். பத்தொன்பது அறையிலும் விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறேன். எந்த அறையிலும் வேலை இல்லை.

ஸ்லாவ்கோ


அடிலெய்ட்
27 மே 2011

ஸ்லாவ்கோ,

நான்கு நாள் யோசித்தேன். இதை எழுதுகிற என்னை எனக்கே நம்ப முடியவில்லை.

ஒன்றரை மீட்டர். சோபாவின் அகலத்துக்கு மட்டும். தரையிலிருந்து கூரைவரை நேராக, கோணல் இல்லாமல். திரை, புரொஜெக்டர், ரிசீவர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் போட்டு மூடிவிட்டுத்தான் தோண்டுகிற மிஷினைத் தொட வேண்டும். முடிந்ததும் பாறையில் பசை அடித்துவிடு, இல்லாவிட்டால் வருஷம் முழுக்க மண் உதிரும். ஸ்பீக்கர் இரண்டும் உட்கார்ந்தவர் காதுக்கு ஒரு சாண் மேலே, அந்தப் புதுச் சுவரில். இரண்டுக்கும் நடுவில் உன் இரண்டு கையை விரித்தால் வருகிற இடைவெளி. சிவப்பு வயர் சிவப்பில், கறுப்பு கறுப்பில். மாற்றி மாட்டினால் சத்தம் குழம்பிப்போகும்.

ஒன்றரை மீட்டர். ஒரு விரற்கடை கூடக் கூடாது. நடுவில் பாறையில் எதையாவது பார்த்தால், பார்க்காத மாதிரி இரு. இது உன்னால் முடிகிற காரியமா என்று எனக்குத் தெரியவேண்டும், ஸ்லாவ்கோ. ஸ்பீக்கர் அடுத்ததுதான். முடியும் என்றால் நான் வருகிறேன். முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடு, மனசை அலையவிடாமல் இங்கேயே ஏதாவது ஏற்பாடு செய்துகொள்கிறேன்.

நெரிடா


கூபர் பீடி
12 ஜூன் 2011

நெரிடா,

முடிந்தது! ஒன்றரை மீட்டர். நல்ல பாறை, வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. வலது பக்கம் கொஞ்சம் உதிர்ந்தது, சரி செய்துவிட்டேன். பசை இரண்டு தடவை அடித்தேன். பின்னால் கறுப்புத் துணியும் தொங்கவிட்டிருக்கிறேன், எதிரொலி வராமல் இருக்க. துணிக்குப் பின்னால்தான் ஸ்பீக்கர் இரண்டும்.

ஆனால் சத்தம் வரவில்லை.

மற்ற ஐந்தும் பேசுகின்றன, இவை இரண்டும் வாயைத் திறப்பதில்லை. வயரைக் கழற்றி மாட்டினேன். ஸ்பீக்கரைத் தட்டினேன். ஸ்பிரோ வந்து காதை வைத்துக் கேட்டான். “செத்துப்போச்சுடா, பொட்டிக்குள்ளயே மூச்சு முட்டிருக்கும்” என்கிறான். ஸ்பீக்கர் வயர் எல்லாம் வந்து சேர்கிற ரிசீவர் பெட்டியின் பின்னால் அந்த இணைப்பில் ஏற்கெனவே இரண்டு வயர் இருந்தன, எதற்கென்று தெரியவில்லை. பிடுங்கிவிட்டு இவற்றைச் செருகினேன். அதிலிருந்து சமையலறை ரேடியோவும் ஊமையாகிவிட்டது.

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. தோண்டுகிற வேலை என்றால் கைக்குத் தெரியும். இந்தப் பெட்டி என்ன நினைக்கிறது என்று எப்படித் தெரியும்? நீ இருந்திருந்தால் இரண்டு பொத்தானை அழுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாய்.

எப்போது வருகிறாய்?

ஸ்லாவ்கோ


அடிலெய்ட்
17 ஜூன் 2011

ஸ்லாவ்கோ,

படித்துவிட்டுச் சிரித்தேன், பிள்ளை விழித்துக்கொண்டாள். தப்பு என்னுடையது. அந்தப் பின்பக்க இணைப்பை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம், ஒன்று பின் ஸ்பீக்கருக்கு, இல்லையென்றால் வேறு அறைக்கு. பின் ஸ்பீக்கர் எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை என்று நான்தான் அதைச் சமையலறைக்குத் திருப்பிவிட்டிருந்தேன், வேலை செய்யும்போது ரேடியோ கேட்க. மெனுவில் ஸ்பீக்கர் என்ற பக்கத்துக்குப் போ. கடைசி வரியில் ‘வேறு அறை’ என்று இருக்கும். அதைப் ‘பின்பக்கம்’ என்று மாற்று. அவ்வளவுதான். ரேடியோ போனால் போகட்டும்.

அது முடிந்ததும் ரிசீவரோடு வந்த குட்டி மைக்கைத் தேடு. மேசை டிராயரில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். என் இடத்தில், என் காது உயரத்தில் அதை நிற்க வை. தலையணை அடுக்கி அதன் மேல் வைக்கலாம். பிறகு அளவு எடுக்கிற பொத்தானை அழுத்திவிட்டு வெளியே போய்விடு. ஒவ்வொரு ஸ்பீக்கரும் உஸ் உஸ் என்று சத்தம் போடும், ரிசீவர் கேட்டுக் கணக்குப் போடும். அந்த நேரத்தில் அறைக்குள் யாரும் மூச்சு விடக் கூடாது. முக்கியமாக ஸ்பிரோவும் அவனுடைய பூசணி விதையும். முடிந்ததும் திரையில் எண்கள் வரும். அதை அப்படியே எழுதி அனுப்பு, சரியா இல்லையா என்று சொல்கிறேன்.

இன்னொன்று. இங்கே பக்கத்தில் ஒரு சின்னத் திரையரங்கு. மதியக் காட்சிக்குப் படம் ஓட்ட ஆள் தேடுகிறார்கள். போய்ப் பேசினேன். வாருங்கள் என்றார்கள், ஜூலையில் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். எனக்கே எது வேண்டும் என்று தெரியவில்லை. காலையில் ஒன்று தோன்றுகிறது, சாயங்காலம் வேறொன்று.

ஆனால் நீ ஒன்றரை மீட்டரில் நிறுத்திவிட்டாய் என்று படித்தபோது எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன். டானிக்கா, “என்னம்மா, அழறியா?” என்றாள். வெங்காயம் என்றேன். கையில் வெங்காயம் இல்லை.

எண்களை அனுப்பு.

நெரிடா


கூபர் பீடி
24 ஜூன் 2011

நெரிடா!

கேட்கிறது! அந்தக் கப்பல் படத்தையே மறுபடி போட்டேன். புயல் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. ஸ்பிரோ பயந்து திரும்பிப் பார்த்தான், விதை எல்லாம் கீழே கொட்டிவிட்டது. “யார்ரா அங்க?” என்றான். உனக்கு மழைதானே வேண்டும்? இங்கே மழையும் வருகிறது, நனையாமல்.

மைக் கதையைக் கேள். முதல் தடவை நான் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு உன் இடத்தில் உட்கார்ந்தேன். சத்தம் அதிகம் என்று ரிசீவர் திட்டியது. மூச்சை அடக்கினேன். மறுபடி திட்டியது. அப்புறம்தான் வெளியே போகச் சொன்னது ஞாபகம் வந்தது. உன் ரோஸ் நிறக் கம்பளியைச் சுருட்டி, மேலே தலையணை, அதற்கு மேல் மைக். தூரத்திலிருந்து பார்த்தால் நீ உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது.

எண்கள் இதோ, திரையில் இருந்தபடியே எழுதுகிறேன்.

முன் இடது 3.0. நடு 3.1. முன் வலது 3.4. பக்க இடது 1.2. பக்க வலது 2.6. பின் இடது 2.0. பின் வலது 4.4.

எல்லாம் சரிதானே? பஸ்ஸுக்குச் சொல்லிவிட்டாயா? நான் வந்து பெட்டியைத் தூக்குகிறேன்.

ஸ்லாவ்கோ


அடிலெய்ட்
29 ஜூன் 2011

ஸ்லாவ்கோ,

பின் வலது 4.4.

நான் உட்கார்கிற இடத்திலிருந்து பழைய சுவர் அரை மீட்டர். அதோடு ஒன்றரை சேர்த்தால் இரண்டு. இடது ஸ்பீக்கர் சரியாக அங்கே இருக்கிறது. வலது ஸ்பீக்கர் சற்றுத் தள்ளி இருப்பதால் 2.3 வரலாம், போனால் போகட்டும், 2.4 என்று வைத்துக்கொள்கிறேன். மிச்சம் இரண்டு மீட்டர் எங்கேயிருந்து வந்தது? அந்த மைக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது. சத்தம் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துத் தூரம் சொல்கிறது, அவ்வளவுதான்.

‘வலது பக்கம் கொஞ்சம் உதிர்ந்தது.’ ‘கறுப்புத் துணி தொங்கவிட்டிருக்கிறேன்.’ எதிரொலி வராமல் இருக்கவாம்! துணிக்குப் பின்னால் ஒரு சுரங்கம் இருக்கிறது. அதன் கடைசியில் என் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டு, ‘எல்லாம் சரிதானே’ என்று என்னையே கேட்கிறாய். என் கம்பளியைச் சுருட்டி உட்காரவைத்து, அதன் முதுகுக்குப் பின்னாலேயே என்னை ஏமாற்றியிருக்கிறாய்.

நீ தோண்டியதில்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. உன் கை அப்படி. நிறுத்திவிட்டேன் என்று எழுதினாயே, நான் நம்பி ஜன்னலருகே போய் நின்றேனே, அதை நினைத்தால் உடம்பு எரிகிறது.

திரையரங்கில் ‘சரி’ என்று சொல்லப் போகிறேன். பெட்டியைத் தூக்க நீ பஸ்ஸுக்கு வர வேண்டாம்.

நெரிடா


கூபர் பீடி
19 ஜூலை 2011

நெரிடா,

இதை நீ கிழித்துப்போடலாம். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படி.

ஒன்றரை மீட்டரில் நிறுத்தினேன். அது உண்மை. மிஷினை அணைத்து, மண்ணை வாரி, பசை டப்பாவையும் திறந்துவிட்டேன். வலது மூலையில் விளக்கு பட்ட இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, நூல் மாதிரி. நிறமில்லாத வெறுங்கல், பத்துக் காசுக்குப் போகாது. ஆனால் அந்த மாதிரிக் கோடு சில சமயம் உள்ளே போய் நிறமுள்ள ஓபலாகும். ஒரு சாண் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஒரு சாண் இரண்டானது. ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் இரண்டு மீட்டர் போயிருக்கிறேன். கோடு அப்படியே இருந்தது, வெறுங்கல்லாகவே. வெட்கமாகிவிட்டது. ஸ்பீக்கர் மாட்ட அந்தப் பக்கம் சுவரே இல்லை, அதனால் கடைசியில் போய் மாட்டினேன். துணியைப் போட்டு மூடினேன். உன் மைக் தூரத்தை அளக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் பெரிய பொய்யாகச் சொல்லியிருப்பேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று குழியை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். சிரிக்காதே. நாற்பது வருஷமாகத் தோண்டுகிறேன், ஒரு குழியைக்கூட மூடியதில்லை. நம் ஊரில் யார் மூடுகிறார்கள்? குழி இருக்கிறது, பின்பக்கமாக நடக்காதே என்று பலகை வைத்துவிட்டுப் போய்விடுவோம்.

முதலில் ஸ்பீக்கரைக் கழற்றினேன். அதைத் தாங்கிய இரும்புப் பட்டையின் திருகு பாறையில் இறுகிப்போயிருந்தது. இழுத்தேன். திருகோடு சேர்ந்து கை அளவு பாறை பெயர்ந்து விழுந்தது. பெயர்ந்த இடத்தில் நிறம்.

நெரிடா, நிறம். கட்டைவிரல் தடிமனுக்குச் சிவப்பும் பச்சையும். விளக்கை நகர்த்தினால் கூடவே ஓடுகிறது. உள்ளே போகிறது. எவ்வளவு தூரம் என்று தெரியாது. நான் துளை போட்ட இடத்துக்கு ஒரு விரற்கடை உள்ளே இருந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்பிரோ சோபாவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

“டேய்! டேய் ஸ்லாவ்கோ! இது என்னடா இது?”

“ஸ்பீக்கர் மாட்டின எடம்.”

“நாப்பது வருஷம்டா! எந்திரி. மிஷின எடு. நான் வெளக்குப் புடிக்கறேன்.”

“மண்ணு அள்ளத் தள்ளுவண்டி இருந்தா குடு.”

“எதுக்கு?”

“மூடறதுக்கு.”

அவன் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். “ஒனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா? நெரிடா வர்றதுக்குள்ள எடுத்துட்டு அப்பறம் மூடு. அவளுக்கு எப்படித் தெரியும்?”

எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. பொய் சொல்லமாட்டேன். இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மிஷினைத் தொட்டேன், விட்டேன், தொட்டேன், விட்டேன். பிடித்தால் இனி விடமாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அந்த நிறம் எங்கே போகிறதோ அங்கே போய்க்கொண்டே இருப்பேன், நீ அடிலெய்டிலேயே இருந்துவிடுவாய்.

மூடினேன். நானே வெளியே கொட்டிய மண்ணை நானே உள்ளே கொண்டுவந்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை. எட்டு நாள். கல்லை அடுக்கி, மண்ணை இடித்து, முகப்பில் சிமெண்டு பூசினேன். நிறம் உள்ளே அப்படியே இருக்கிறது. ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. திருகோடு விழுந்ததையும் உள்ளேயே போட்டுவிட்டேன். ஸ்பிரோ இப்போது என்னோடு பேசுவதில்லை. ஆனால் திடீரென்று தன் சாமான் அறையைப் பெரிதாக்கப் போகிறானாம். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

மைக்கை மறுபடி உன் கம்பளி மேல் வைத்து அளந்தேன். பின் இடது 2.0. பின் வலது 2.3.

ஸ்லாவ்கோ


அடிலெய்ட்
25 ஜூலை 2011

ஸ்லாவ்கோ,

2.3 என்பதைப் பார்த்ததும் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? அந்தத் தூரத்தை மெனுவில் கையாலேயே மாற்றி எழுதலாம், ரிசீவர் ஒன்றும் கேட்காது. நீ அப்படிச் செய்திருப்பாய் என்று நினைத்தேன். அப்புறம் நம் வீட்டு அடுப்பில் இருக்கிற கடிகாரம் ஞாபகம் வந்தது. வாங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மணி என்று கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது, உனக்கு மாற்றத் தெரியாமல். அதனால் நம்புகிறேன்.

டானிக்காவிடம் படித்துக் காட்டினேன். “அப்பாவா மூடினாரு? நம்ம அப்பாவா?” என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு அறைக்குள் போய் எனக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் கட்டச் சொல்லவே இல்லை.

திரையரங்கில் ‘சரி’ என்று சொல்லப் போகிறேன் என்று எழுதினேனே, வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன். நேற்று மறுபடி போய், யோசிக்க இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறேன். அதை மறைக்கமாட்டேன்.

இதையும் சொல்கிறேன், வெட்கமாக இருந்தாலும். கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கட்டைவிரல் தடிமனா, ஸ்லாவ்கோ? சிவப்புமா? எவ்வளவு தூரம் உள்ளே போகும்? மழை பெய்தாலும் எனக்கு இப்போது மழை கேட்பதில்லை. அந்தச் சுவர்தான் முன்னால் வந்து நிற்கிறது. உன் வியாதி தபாலில் வந்து ஒட்டிக்கொண்டது போல. இத்தனை வருஷம் உனக்குள் இருந்தது இதுதானா? இதை வைத்துக்கொண்டா என்னோடு உட்கார்ந்து படம் பார்த்தாய்? பாவம்தான் நீ. ஆனால் இரக்கப்பட்டு இளகிவிடமாட்டேன்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பெட்டியைத் தூக்க நீ வரலாம். வீட்டுக்குப் போனதும் தோண்டல் பேச்சு ஒன்றும் கூடாது. காபி போடு, நீ பிறந்த ஊர்க் காபி, அடியில் வண்டல் நிற்கிற மாதிரி. குடித்துவிட்டு நான் ஒரு படம் போடுவேன். நான் என் இடத்தில், நீ உன் இடத்தில். ஏழு ஸ்பீக்கரும் பேசட்டும். உன் முதுகுக்குப் பின்னால் அந்தச் சுவர் இருக்கும், அந்தச் சுவருக்குள் அந்த நிறம் இருக்கும். படம் ஆரம்பித்ததிலிருந்து கடைசிப் பெயர் ஓடி முடிகிறவரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல், எழுந்து போகாமல் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உட்கார்ந்தால் நான் இருந்துவிடுகிறேன். அந்தச் சுவரை என்ன செய்வது என்று மறுநாள் இரண்டு பேருமாக முடிவு செய்வோம். இல்லையென்றால் சனிக்கிழமைப் பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

நெரிடா


கூபர் பீடி
30 ஜூலை 2011

நெரிடா,

வருகிறேன், பஸ்ஸுக்கு. சவரம் செய்துகொண்டு வருகிறேன். சோபாவைத் தட்டி வைத்துவிட்டேன். உன் அம்மா தைத்த உறைகளை மூன்று தடவை துவைத்தேன், இரண்டு வெள்ளையாகிவிட்டன, ஒன்று ஆகவில்லை. பிக்காசு, மிஷின், எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே இருக்கிற கொட்டகையில் போட்டுப் பூட்டி, சாவியை டானிக்காவின் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். உன் கையில் கொடுக்கச் சொல்.

நேற்று ஒத்திகை பார்த்தேன். அந்தக் கப்பல் படம். இருபது நிமிஷம் தாங்கினேன், அப்புறம் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. இன்று காலை முப்பத்தைந்து. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது, தினமும் உட்காரப் போகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. நீ போடப்போகிற படம் எவ்வளவு நேரம் ஓடும்?

ஸ்லாவ்கோ